தலைநகருக்கு ஒரு நாள்: உழைப்பும் பணமும் வீணாகாமல் சென்று திரும்ப

தோட்டங்களில் வாழும் நம் மக்கள் கோலாலம்பூருக்குச் செல்வது பெரும்பாலும் ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக அன்று. பெரிய மருத்துவமனையில் மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள், அடையாள அட்டை அல்லது குடியுரிமை பற்றிய விசாரணை, பல்கலைக்கழகத்தில் சேரும் பிள்ளையைக் கொண்டுபோய் விடுதல், பத்துமலையில் செலுத்த வேண்டிய நேர்த்திக்கடன் ஆகியவையே அவர்களைத் தலைநகருக்கு அழைத்துச் செல்கின்றன. இவற்றில் பலவும் தள்ளிப்போட முடியாத காரியங்கள்.

தலைநகருக்குச் செல்லும் ஒரு நாள், பால்வெட்டு இல்லாத நாளாகும். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு 1,700 வெள்ளி. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்வோருக்கு இது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அந்த வருமானம் போக, பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் இருக்கின்றன. இவ்வளவையும் இழந்து சென்றவர், தவறான அலுவலகத்தின் வாசலில் நின்றோ, வேண்டிய பத்திரம் ஒன்று கைவசம் இல்லாமலோ வெறுங்கையுடன் திரும்பினால், இன்னொரு நாளையும் இழக்க நேரிடும்.

நகரத்தின் நெரிசல் ஒரு நாளைக் கெடுத்துவிடுவதில்லை. எந்த அலுவலகம், எந்த நிலையம், எந்தப் பத்திரம் என்னும் மூன்றையும் புறப்படுமுன் அறியாததே நாளைக் கெடுக்கிறது. இம்மூன்றையும் வீட்டிலேயே தெளிவுபடுத்திக் கொண்டவர், படிப்பறிவு குறைந்தவராயினும் தலைநகரில் வழி தவற மாட்டார். அதற்கு உதவும் செய்திகளை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

போகத்தான் வேண்டுமா?

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். அடையாள அட்டை தொலைந்தால் மாற்று அட்டைக்கு விண்ணப்பிக்கத் தலைநகர் செல்ல வேண்டியதில்லை. மாவட்டத்தில் உள்ள தேசியப் பதிவு இலாகா அலுவலகத்திலேயே அதனைச் செய்யலாம். ஊழியர் சேமநிதி வாரியத்திற்கும், சொக்சோ என நாம் அழைக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திற்கும் பல பட்டணங்களில் கிளைகள் உண்டு. குடியுரிமை விண்ணப்பத்தையும் மாநிலத்திலுள்ள பதிவு அலுவலகத்தில் கொடுக்க இயலும். ஆகவே, “கோலாலம்பூருக்குப் போனால்தான் காரியம் நடக்கும்” என்று யாரேனும் சொன்னால், அருகிலுள்ள கிளை அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நலம். நகருக்கே வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தால் மட்டும் பயணத்திற்கு ஆயத்தமாகலாம்.

அக்கடிதத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். படிக்க இயலாதவர், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடமோ தோட்ட அலுவலகக் கிராணியிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். நாள், நேரம், அலுவலகத்தின் பெயர், கட்டடம், மாடி, கொண்டுவர வேண்டிய பத்திரங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொள்ள வேண்டும். வழி கேட்கும்போது அந்தத் தாளை நீட்டினாலே போதும். நாம் உச்சரிக்கும் பெயர் நகரத்தாருக்குப் புரியாமற் போகலாம். எழுதிய பெயர் புரியாமற் போகாது.

கோலாலம்பூரும் புத்ராஜெயாவும்

பலர் ஏமாறும் இடம் இது. கோலாலம்பூர் இன்றும் நாட்டின் தலைநகர்தான். ஆனால் கூட்டரசு அரசாங்கத்தின் நிர்வாகம் 1999-ஆம் ஆண்டு தொடங்கிப் புத்ராஜெயாவுக்கு மாறியது. தேசியப் பதிவு இலாகாவின் தலைமையகமும், குடிநுழைவு இலாகாவின் தலைமையகமும் இப்போது புத்ராஜெயாவின் இரண்டாவது பிரசிண்டில், பெர்சியாரான் பெர்டானா சாலையில் இருக்கின்றன. “கே.எல். ஆபீஸ்” என்று பழைய பழக்கத்தில் சொல்வதை நம்பிக் கோலாலம்பூரில் இறங்கித் தேடினால் அரை நாள் போய்விடும். கடிதத்தில் புத்ராஜெயா என்று இருக்கிறதா, கோலாலம்பூர் என்று இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

நாளும் முக்கியம். தலைநகரிலும் புத்ராஜெயாவிலும் அரசாங்க அலுவலகங்களுக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால், அங்கிருந்து வருவோர் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும் என்று எண்ணி வந்துவிடக்கூடாது. வெள்ளிக்கிழமை நண்பகல் 12.15 முதல் 2.45 வரை அலுவலகங்களுக்கு இடைவேளை. பிப்ரவரி முதல் நாள் கூட்டரசுப் பிரதேச தினம்; நம் மாநிலத்தில் அன்று வேலைநாளாக இருக்கலாம், ஆனால் கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் பொது விடுமுறை.

நகரின் வாயில்கள்

நம்மில் மூத்தோர் பலருக்குக் கோலாலம்பூர் என்றால் புடுராயாதான். 1976-இல் திறக்கப்பட்ட அந்தப் பேருந்து நிலையத்தில்தான் வெளியூர்ப் பேருந்துகள் பலவும் அந்நாளில் வந்து நின்றன. அந்த நிலை மாறிவிட்டது. 2011-ஆம் ஆண்டு பண்டார் தாசேக் செலாத்தானில் டிபிஎஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் புதிய பேருந்து முனையம் செயற்படத் தொடங்கியது. முதலில் தென்மாநிலப் பேருந்துகளும் பின்னர் வடமாநிலப் பேருந்துகளும் அங்கு மாறின. புடுராயாவை மனத்தில் வைத்து வழி சொல்லும் உறவினரின் அறிவுரை இன்று பயன்படாது. கிழக்குக் கரையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வருவோர், பயணச் சீட்டு வாங்கும்போதே எந்த முனையத்தில் இறக்கிவிடுவார்கள் என்று கேட்டுக் கொள்ள வேண்டும்.

டிபிஎஸ் முனையம் நகரின் நடுவில் இல்லை, தெற்கே இருக்கிறது. ஆயினும் நடைபாலத்தைக் கடந்தால் மூன்று வகை இரயில்கள் கிடைக்கின்றன: கொமூட்டர், எல்ஆர்டி எனும் இலகு இரயில், புத்ராஜெயா வழியாக விமான நிலையம் செல்லும் விரைவு இரயில். சுங்கைப்பட்டாணி போன்ற தொலைவூர்களிலிருந்து இரவுப் பேருந்தில் வருவோர் விடியுமுன்னரே இறங்க நேரலாம். நகர இரயில்கள் காலை 6 மணியளவில்தான் ஓடத் தொடங்கும். அதுவரை முனையத்தின் உள்ளேயே அமர்ந்திருப்பது நலம். வெளியே அழைக்கும் வாடகைக் கார்க்காரரின் அவசரத்திற்கு இணங்க வேண்டியதில்லை.

இரயிலில் வருவோருக்கு வாயில் கேஎல் சென்ட்ரல் ஆகும். 1910-ஆம் ஆண்டுக் கட்டடமான பழைய கோலாலம்பூர் நிலையத்தில் இன்று கொமூட்டர் நிற்கிறது. நெடுந்தூர இரயில்களுக்கு 2001 முதல் கேஎல் சென்ட்ரலே தலைமை நிலையம். பாடாங் பெசார், சுங்கைப்பட்டாணி, ஈப்போ பக்கமிருந்தும், தெற்கே கிம்மாஸ் பக்கமிருந்தும் இடிஎஸ் எனும் மின்சார இரயில் அங்கு வருகிறது. இதற்கு முன்னதாகவே இருக்கை பதிவு செய்ய வேண்டும். பண்டிகைக் காலத்தில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது அரிது.

அருகிலுள்ள தோட்டங்களிலிருந்து வருவோருக்குக் கொமூட்டரே சிக்கனம். தஞ்சோங் மாலிம், கோலகுபு பாரு, பத்தாங் காலி, செரண்டா, ரவாங் பக்கத்தார் ஒரு தடத்திலும், புலாவ் செபாங், ரெம்பாவ், சிரம்பான், நீலாய், காஜாங் பக்கத்தார் மற்றொரு தடத்திலும் நகருக்கு வரலாம். ஓரப்பகுதிகளில் இந்த வண்டி அடிக்கடி வராது. ஒன்றைத் தவறவிட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், வண்டி நேரத்தை முன்னரே கேட்டு வைக்க வேண்டும். கொமூட்டரில் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பெட்டி 2010 முதல் உண்டு. தனியே வரும் பெண்கள் அதில் ஏறலாம்.

எண்ணும் வண்ணமும் வழிகாட்டும்

நகர இரயில் வரைபடத்தை முதன்முறை காண்போருக்கு அது சிக்குண்ட நூற்கண்டு போலத் தோன்றும். அதனைப் படிக்கும் முறை எளிது. ஒவ்வொரு தடத்திற்கும் ஓர் எண்ணும் ஒரு வண்ணமும் உண்டு. பத்துமலைக்கும் புலாவ் செபாங்கிற்கும் இடையே ஓடும் கொமூட்டர் 1, நீலம். தஞ்சோங் மாலிமிற்கும் கிள்ளான் துறைமுகத்திற்கும் இடையே ஓடுவது 2, சிவப்பு. ஸ்ரீ பெட்டாலிங் இலகு இரயில் 4. கிளானா ஜெயா இலகு இரயில் 5. மோனோரெயில் 8. காஜாங் எம்ஆர்டி 9, பச்சை. புத்ராஜெயா எம்ஆர்டி 12, மஞ்சள். எழுத்துப் படிக்க இயலாதவரும் எண்ணையும் வண்ணத்தையும் கொண்டு சரியான தடத்தைக் கண்டுகொள்ளலாம்.

அடுத்து அறிய வேண்டியது திசை. வண்டி நிற்கும் மேடையில் நாம் இறங்கும் நிலையத்தின் பெயரை மட்டும் தேடினால் குழப்பமே மிஞ்சும். பலகையிலும் வண்டியின் முகப்பிலும் பெரிதாக இருப்பது அந்தத் தடத்தின் கடைசி நிலையத்தின் பெயர். நாம் செல்லும் பக்கத்தில் கடைசி நிலையம் எது என்று அறிந்து, அந்தப் பெயர் உள்ள மேடையில் ஏற வேண்டும். திசை தவறி ஏறிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்புற மேடையில் ஏறித் திரும்பலாம்.

ஒவ்வொரு நிலையத்திற்கும் குறியீடும் உண்டு. புத்ராஜெயா தடத்தில் கோலாலம்பூர் மருத்துவமனை நிலையத்தின் குறியீடு பிஒய் 18. புத்ராஜெயா சென்ட்ரல் பிஒய் 41. வண்டி செல்லச் செல்ல இந்த எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே சரியான திசையில் செல்கிறோமா என்பது விளங்கிவிடும்.

சீட்டும் அட்டையும்

எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரெயில் ஆகியவற்றில் இயந்திரத்தில் பணம் செலுத்தினால் வட்டமான வில்லை ஒன்று கிடைக்கும். உள்ளே நுழையும்போது அதனை வாயிலில் தொட்டுக் காட்ட வேண்டும். வெளியேறும்போது அங்குள்ள துளையில் போட வேண்டும். இறங்கும் வரை அதனைத் தொலைத்துவிடக்கூடாது. சில்லறை நோட்டுகளாகப் பணம் வைத்திருப்பது நல்லது.

டச் அண்ட் கோ அட்டை இருந்தால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நகர இரயில்களிலும் கொமூட்டரிலும் அதே அட்டை செல்லும். ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே அட்டையைத் தொட்டு உள்ளே செல்ல இயலாது. ரேப்பிட் கேஎல் பேருந்துகள் ரொக்கப் பணம் வாங்குவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கையில் வெள்ளி நோட்டு இருந்தும் அட்டை இல்லாததால் பேருந்திலிருந்து இறங்க நேரும். நகரின் நடுப்பகுதியில் ஓடும் கோகேஎல் எனும் பேருந்து 2012 முதல் உள்ளது; அதில் மலேசியருக்குக் கட்டணம் இல்லை.

60 வயது கடந்த முதியோருக்கும் உடற்குறை உள்ளோருக்கும் இரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. கேளாமல் அது கிடைக்காது. அடையாள அட்டையைச் சேவை முகப்பில் காட்டிக் கேட்டுப் பெற வேண்டும். அது முதியோருக்குரிய உரிமை; கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

மருத்துவமனைக்குச் செல்வோர்

கோலாலம்பூர் மருத்துவமனை, 1870-இல் தோன்றிய பழம்பெரும் நிறுவனம். அதற்குச் செல்வது முன்னைக்காட்டிலும் இப்போது எளிதாகிவிட்டது. 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முழுமையாகத் திறக்கப்பட்ட புத்ராஜெயா எம்ஆர்டி தடத்தில் மருத்துவமனையின் பெயரிலேயே ஒரு நிலையம் உள்ளது.

ரவாங், தஞ்சோங் மாலிம் பக்கத்தார் கேஎல் சென்ட்ரல் வரை செல்ல வேண்டியதில்லை. சுங்கை பூலோவில் கொமூட்டரை விட்டு இறங்கி, புதிய சீட்டு வாங்கி, புத்ராஜெயா சென்ட்ரல் செல்லும் எம்ஆர்டியில் ஏறினால் நேரே மருத்துவமனை நிலையத்தில் இறங்கலாம். டிபிஎஸ் முனையத்தில் இறங்குவோர், செந்தூல் தீமோர் செல்லும் இலகு இரயிலில் ஏறி நான்காவது நிலையமான சான் சோவ் லின்னில் இறங்க வேண்டும். அங்கு, வாயிலை விட்டு வெளியேறாமலே, குவாசா டமன்சாரா செல்லும் எம்ஆர்டிக்கு மாறினால் ஆறாவது நிலையம் மருத்துவமனை. கேஎல் சென்ட்ரலில் இறங்குவோர் பேரங்காடி வழியாக நடந்து மோனோரெயிலை அடைந்து, கடைசி நிலையமான தித்திவங்சா வரை சென்று, அங்கிருந்து புத்ராஜெயா செல்லும் எம்ஆர்டியில் ஒரே நிலையம் செல்ல வேண்டும்.

பெயர்க் குழப்பமும் இங்கு மிகுதி. இருதய நோய்க்கான தேசிய இருதயக் கழகம் தனி நிறுவனம். அது துன் ரசாக் சாலையில் உள்ளது. மகப்பேற்றுக்கும் குழந்தைகளுக்கும் உரிய துங்கு அசிசா மருத்துவமனை பெரிய மருத்துவமனையை அடுத்திருந்தாலும் தனிப் பெயரும் தனி வாயிலும் உடையது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் நகரின் மேற்கே, பெட்டாலிங் ஜெயா எல்லையில் இருக்கிறது. புற்றுநோய்க்கான தேசியக் கழகமோ கோலாலம்பூரிலேயே இல்லை. புத்ராஜெயாவின் ஏழாவது பிரசிண்டில் இருக்கிறது. “பெரிய ஆஸ்பத்திரி” என்று மட்டும் அறிந்து சென்றால் போதாது என்பதற்கு இவையே சான்று.

பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டை, மருத்துவ நாள் குறித்த அட்டை, உண்ணும் மருந்துகள் ஆகிய நான்கையும் ஒரே பையில் எடுத்துச் செல்ல வேண்டும். சிகிச்சை முடிந்ததும் புறப்பட அவசரப்படாமல் முகப்பில் சான்றுக்குக் கேட்க வேண்டும். இதில் ஒரு வேறுபாடு உண்டு. மருத்துவமனைக்கு வந்திருந்ததைக் காட்டும் நேரச் சீட்டு வேறு. நோய் விடுப்புச் சான்றிதழ் வேறு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவர் சான்றளித்த நோய் விடுப்புக்குச் சம்பளம் உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவர் விடுப்புச் சான்று தரவில்லை எனில், ஆண்டு விடுப்பை முன்னரே கேட்டு வைத்துச் செல்லலாம். அதுவும் சேவைக் காலத்திற்கேற்ப 8, 12, 16 நாள் எனச் சம்பளத்துடன் வழங்கப்படுவது. இதை அறியாமல் சொல்லாமலே வேலைக்கு வராதிருந்து, ஒரு நாள் சம்பளத்தை இழந்தோர் பலர்.

புத்ராஜெயாவுக்குச் செல்வோர்

டிபிஎஸ் முனையத்திலிருந்து புத்ரா ஹைட்ஸ் செல்லும் இலகு இரயிலில் ஒரே நிலையம் சென்று சுங்கை பீசியில் இறங்கி, புத்ராஜெயா சென்ட்ரல் செல்லும் எம்ஆர்டிக்கு மாறலாம். விரைவாகச் செல்ல விரும்புவோர் பண்டார் தாசேக் செலாத்தானிலோ கேஎல் சென்ட்ரலிலோ விமான நிலைய விரைவு இரயிலில் ஏறலாம். இதற்குக் கட்டணம் சற்றுக் கூடுதல். சுங்கை பூலோவில் எம்ஆர்டி ஏறுவோருக்கு ஒரே வண்டி போதும். 57.7 கிலோமீட்டர் நீளமுடைய அத்தடத்தின் பெரும்பகுதியைக் கடக்க வேண்டியிருப்பதால் ஒரு மணி நேரத்திற்கு மேலாகும்.

புத்ராஜெயா சென்ட்ரலில் இறங்கியவுடன் அலுவலகம் கண்முன் நிற்காது. அந்நிலையம் ஏழாவது பிரசிண்டில் இருக்கிறது. பதிவு இலாகா இரண்டாவது பிரசிண்டில் இருக்கிறது. இடையே பேருந்தோ வாடகைக் காரோ வேண்டும். வெயிலில் நடந்துவிடலாம் என்று புறப்பட்டால் தொலைவு ஏமாற்றிவிடும்.

பால்மரக் காடு நகரமான கதை

நகரத்தில் நம் மக்கள் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு. முகப்பில் நிற்கும்போது குரல் தாழ்கிறது. நம்முடைய இடம் இதுவன்று என்ற எண்ணம் தோன்றுகிறது. அவர்கள் அறிய வேண்டிய செய்திகள் சில உண்டு.

இன்று புத்ராஜெயா நிற்கும் நிலம், பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் 1921-இல் அதனைத் தொடங்கினர். மலாய் மொழியில் “பெரும் போர்” என்பதே அப்பெயரின் பொருள். பால்வெட்டுவோர் பிபி என்று அறியும் மர வகைகள் அத்தோட்டத்தில் உருவாக்கப்பட்டவை. பெயரும் அதிலிருந்தே வந்தது. நிர்வாக நகரம் எழுந்தபோது, அங்கும் அண்டைத் தோட்டங்களிலும் தலைமுறையாய் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. அமைச்சுகளின் கட்டடங்கள் நிற்கும் மண்ணில் முன்னர் விடியலில் மரம் வெட்டியவர் நம்மவரே.

எம்ஆர்டியின் முகப்பில் நாம் காணும் குவாசா டமன்சாரா என்ற பெயருக்குப் பின்னும் இரப்பர் உண்டு. 1925-இல் தொடங்கப்பட்ட இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சுங்கை பூலோ சோதனைத் தோட்டம் இருந்த இடம் அது. ஆர்ஆர்ஐஎம் 600 என்று நாம் அறிந்த மரம் அக்கழகம் தந்ததே. 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தை இப்போது மேம்படுத்தி வருவது ஊழியர் சேமநிதி வாரியத்தின் நிறுவனம். தொழிலாளரின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்படும் பணமும் அங்கு முதலீடாகியிருக்கிறது. 1950-களில் எழுந்த பெட்டாலிங் ஜெயாவும் எஃபிங்ஹாம் என்ற இரப்பர் தோட்டத்தின் மீது அமைந்த நகரமே.

ஆகவே நகரத்தில் நாம் அந்நியர் அல்லர். முகப்பில் நின்று நமக்குரியதைத் தெளிவாகக் கேட்கலாம். விளங்காவிடில் மறுமுறை விளக்கச் சொல்லலாம். காரியம் முடியவில்லை எனில், ஏன் முடியவில்லை, இன்னும் எந்தப் பத்திரம் வேண்டும் என்பதைத் தாளில் எழுதித் தரும்படி கேட்கலாம். அந்த ஒரு தாள் அடுத்த பயணத்தைக் காப்பாற்றும்.

நேரம் மிஞ்சினால்

வந்த காரியம் முடிந்து இரண்டு மூன்று மணி நேரம் மிஞ்சினால், பார்க்கத் தக்க இடங்கள் அருகிலேயே உண்டு. கேஎல் சென்ட்ரலை ஒட்டியிருப்பது பிரிக்பீல்ட்ஸ். அதன் நடுவே செல்லும் சாலை துன் சம்பந்தன் பெயரைத் தாங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளரே தோட்டங்களை வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர் அவர். வாழையிலைச் சாப்பாட்டிற்கும் சேலைக் கடைக்கும் அங்கு குறைவில்லை.

பசார் செனி நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், 1873-இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். தைப்பூச இரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். பத்துமலைக்கே செல்வோர் 1-ஆம் எண் நீலத் தடத்தில் கடைசி நிலையம் வரை சென்றால், கோயில் வாசலை ஒட்டியே இறங்கலாம். மேலே குகைக்கு 272 படிகள். முழங்கால் வலி உடையோர் கீழுள்ள சந்நிதிகளிலேயே வழிபடலாம். மஸ்ஜிட் ஜாமேக் நிலையத்தருகே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் இடத்தைக் காணலாம். “சேற்றுக் கழிமுகம்” எனப் பொருள்படும் கோலாலம்பூர் என்ற பெயருக்கு அந்த இடமே காரணம்.

விழிப்புடன் இருக்க

கூட்டத்தில் பணத்தைப் பின்பையில் வைக்கக்கூடாது. அசல் பத்திரங்களையும் பணத்தையும் ஒரே பையில் வைப்பதும் தவறு; ஒன்று தொலைந்தால் இரண்டும் போகும். பத்திரங்களின் நகலை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். “நான் சீக்கிரம் முடித்துத் தருகிறேன்” என்று அலுவலக வாசலில் அணுகுவோரிடம் அடையாள அட்டையையோ பணத்தையோ கொடுக்கக்கூடாது. வாடகைக் காரில் ஏறுமுன் மீட்டரை இயக்கச் சொல்ல வேண்டும். இயக்க மறுத்தால் ஏறாமல் இருப்பதே நலம். கைப்பேசிச் செயலி வழியாக அழைக்கும் காரில் கட்டணம் முன்னரே தெரிந்துவிடும். இளையோர் துணையிருந்தால் அதனைப் பயன்படுத்தலாம்.

முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால், பிரிய நேர்ந்தால் எங்குச் சந்திப்பது என்பதை நிலையத்தில் இறங்கியவுடனே முடிவு செய்ய வேண்டும். சேவை முகப்பே அதற்கு ஏற்ற இடம். வீட்டாரின் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வைக்க வேண்டும்; கைப்பேசியில் மின்னாற்றல் தீர்ந்தால் அந்தத் தாளே துணை. ஆபத்து வேளையில் அழைக்க வேண்டிய எண் 999.

திரும்பும் வண்டியின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைப்பது எல்லாவற்றிலும் முக்கியம். நகர இரயில் நள்ளிரவை ஒட்டி ஓடலாம். ஆனால் நம் சிற்றூரிலிருந்து தோட்டத்துச் சந்திப்பு வரை செல்லும் கடைசிப் பேருந்து அவ்வளவு நேரம் காத்திராது. அந்தக் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் குறித்துக் கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, நகரை விட்டு எப்போது புறப்பட வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

ஒரு முறை சென்று வந்தவர் தாம் அறிந்த வழியை, இறங்கிய நிலையத்தை, கேட்கப்பட்ட பத்திரங்களைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லி வைக்க வேண்டும். அடுத்த மாதம் அதே மருத்துவமனைக்கு அழைக்கப்படும் ஒருவர் அந்த லயத்திலேயே இருப்பார். அவருடைய ஒரு நாள் வெட்டு வீணாகாமல் இருக்க அது உதவும்.